ஒரு வாய் இளநீர்

12 ஜூன் 2025, வியாழன், காலை 6.10

நேற்று ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர். ராத்திரி அம்மாவோடு இருந்தது நான் ஒருவன். உசிலம்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்து, ஆப்பிளை வைத்துவிட்டு, "ஆளு மெலிஞ்சு போச்சே" என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். பக்கவாதம் வந்தவள் குண்டாகவா இருப்பாள்?

அம்மாவால் சரியாக விழுங்க முடியாது. தண்ணீரில்கூட கெட்டியாக்கும் மாவு கலந்து கூழ் பதத்தில்தான் தர வேண்டும். பதினான்கு பேரிடமும் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

13 ஜூன்

நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் தாய்மாமன் காசிமாயன் இளநீரைப் புகட்டிவிட்டார். திரும்பி வந்தால் அம்மா மூச்சுத் திணற இருமிக்கொண்டிருக்கிறாள்.

"கூடப் பொறந்தவன் கையால ஒரு வாய் இளநி குடிக்கக் கூடாதா மாப்ள?"

"நுரையீரலுக்குள்ள போயிரும் மாமா."

"இளநி வயித்துக்குத்தான் போகும். இம்புட்டுப் படிச்சும் தெரியலயே."

கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

14 ஜூன்

காய்ச்சல். "படுத்தே கெடந்தா சளி கட்டத்தான் செய்யும். நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்றார் டூட்டி டாக்டர். அம்மாவைப் பார்க்கவில்லை, ஃபைலைப் பார்த்தார். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஒரு லிஃப்ட் நின்றால்கூட கடைசியாக என்ன நடந்தது என்று கேட்போம்.

"எக்ஸ்ரே எடுக்காம கூட்டிட்டுப் போக மாட்டேன். முடியாதுன்னா எழுதிக் குடுங்க."

எடுத்தார்கள். வலது நுரையீரலில் தொற்று. டிஸ்சார்ஜ் பேச்சு நின்றது. மன்னிப்பா? அந்தப் பழக்கம் அங்கே கிடையாது.

15 ஜூன்

கொட்டாம்பட்டியிலிருந்து அக்கா தாமரைச்செல்வி போன். "நான் வாரேன், நீ போய்த் தூங்குடா." வேண்டாம் என்றேன். மாமா ஒரு அதட்டு போட்டால் இவளே டம்ளரை நீட்டுவாள்.

"ஆமா, அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான் பொறந்த." வைத்துவிட்டாள்.

17 ஜூன்

காலை மாத்திரை. டம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

அம்மா குழறிக் குழறிச் சொன்னாள்: "மாவு போடலயேப்பா."

வெறும் தண்ணி. என் கையில. மாமாவாவது தெரியாம குடுத்தாரு — எனக்கென்ன கேடு? கடைசியா எப்பத் தூங்குனேன்?

18 ஜூன்

அக்காவை வரச் சொன்னேன். மாவு கலக்கிக் காட்டச் சொன்னேன். முதல் தடவையே பதம் சரியாக வந்தது. எரிச்சலாக இருந்தது.

இனி:

1. திங்கள் முதல் வியாழன் வரை அக்கா. மீதி நாள் நான்.

2. மாமாவை வார்டு வாசலில் உட்கார வைப்பது. எக்ஸ்ரேயைக் காட்டினேன், வாசலுக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். சொந்தக்காரர்கள் என்னை மதிக்க மாட்டார்கள், தாய்மாமனைத் தாண்ட மாட்டார்கள்.

3. வீட்டுக்குப் போய்த் தூங்குவது.

4. அக்கா ஊட்டும்போது பின்னால் நின்று குறை சொல்லக் கூடாது. முடியாவிட்டால் வெளியே போய் நில்.