வெட்டாத வெள்ளை ஓரம்

16.9.2006, சனி

கண்காட்சியில் வாங்கிய என் முதல் புகைப்படத்தை ஃபிரேம் போட பெரிய மார்க்கெட் பக்கம் கொண்டுபோனேன். மழையில் நிற்கும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. கீழே வெள்ளை ஓரத்தில், எடுத்தவர் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கடைக்காரர் பிளேடை எடுத்தார். "இந்த வெள்ளைய வெட்டிட்டா சாமி படம் மாதிரி எடுப்பா இருக்கும்மா."

கல்லூரியில் வருகைப் பதிவுக்குக்கூட மெல்லக் குரல் கொடுத்தவள் நான். இன்று படத்தின் மேல் கையை வைத்துவிட்டேன்.

"வெட்டாதீங்கண்ணே. கையெழுத்து போயிட்டா இது வெறும் காலண்டர் படம்."

"யாரு போட்டது, உங்க மாமாவா?"

"யாரோ. ஓரத்தோடவே போடுங்க."

"ஃபிரேம் பெருசாயிடுமே!"

"ஆகட்டும்."

சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். கையெழுத்து முழுசாகத் தெரிகிறது. எங்கே மாட்டுவது என்று அம்மாவைக் கேட்கப் போவதில்லை. காலையில் நானே ஆணி அடிப்பேன்.