அம்மாவின் கையை விடு, நைனா

என் தங்க நைனாவுக்கு,

நீ போனதிலிருந்து உன்னிடம் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். ஊரே படித்தாலும் பரவாயில்லை.

ஐ.சி.யூ. வாசலில் நாங்கள் கிடந்தது உனக்குத் தெரியாது. காய்ச்சல் முற்றி மூச்சுத்திணறலோடு வந்த உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். "உள்ள இன்னா பண்றாங்கன்னு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்களே" என்று அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்த ஒரு நொடியில் உன் கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். கடலில் செத்தவனை அலை உருட்டிவிடாமல் கையைப் படகோடு கட்டித்தானே நம் குப்பத்துக்குக் கொண்டுவருவார்கள்? "கையக் கட்டிட்டாங்கடி! பூட்டாருடி உங்க நைனா!" என்று மாரில் அடித்துக்கொண்டு வளையலை உடைக்கப் போனாள். வராந்தாவே எழுந்து நின்றது.

அப்போதுதான் அமுதா சிஸ்டர் ஓடிவந்தார். மீஞ்சூர்க்காரர். அதட்டவில்லை. "அம்மா, அவர் உயிரோடதான் இருக்காரு. மயக்கத்துல மூச்சுக்குழாயப் புடுங்கப் பாக்குறாரு, அதான் துணியால தளர்வா கட்டியிருக்கோம். வாங்க, நீங்களே தொட்டுப் பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். உன் நெஞ்சு சுட்டது. அன்றைக்குத்தான் அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டாள்.

அதன்பிறகு கேட்காமலே வந்து சொல்வார். "சளி எடுக்கப்போறோம், மெஷின் கத்தும், ஒண்ணும் இல்ல." பிழைப்பாயா என்று கேட்டதற்கு, "தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அந்தத் "தெரியல" எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

கடைசி நாளும் அவர்தான் வந்தார். "இன்னைக்குத் தாங்க மாட்டாருன்னு நினைக்கிறேன். பக்கத்துல உக்காருங்க." கட்டை அவிழ்த்து உன் கையை அம்மாவிடம் கொடுத்தார். நினைவே இல்லாத நீ அம்மாவின் விரல்களைப் பிடித்து இழுத்தாய். விட்டு விட்டு, மறுபடி மறுபடி. "யம்மாடி, வல இழுக்குறாருடி" என்றாள். பிறகு நின்றுவிட்டது.

நின்றதா நைனா?

காரியம் முடிந்து அம்மா பழையபடி டோல்கேட்டில் மீன் விற்கிறாள். மதியம் வந்து படுத்தால் அவள் கை தானாக நீள்கிறது. கனவு என்றுதான் நினைத்தேன். போன வாரம் பிடித்துப் பார்த்தேன். அவள் இழுக்கவில்லை, அவள் கைதான் இழுபட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஆள் நிற்கிற பலம். பாயோடு கடல் பக்கத்துச் சுவர்வரை நகர்ந்துவிட்டாள்.

எழுப்பினால் சாவகாசமாகச் சொல்கிறாள்: "உங்க நைனாதான். கோவமெல்லாம் இல்லடி. இங்க இன்னா நடக்குதுன்னே தெரியாம ரொம்ப பேஜாராகீறாரு. நான் போயி சொல்லிட்டு வந்துடவா?"

போய்ச் சொல்லிவிட்டு வருவதாம், நைனா!

மறுநாள் கை நீண்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "நைனா, அம்மா இன்னைக்கு நல்லா சாப்ட்டா. கால் வீக்கம் வத்திகினு வருது. சங்கரா மீன் மொத்தமும் வித்துட்டா. தூங்கறா, அவ்ளோதான்." பேசப் பேச அந்தப் பிடி தளர்ந்தது. அம்மாவின் கை பாயில் விழுந்தது.

அப்போதுதான் புரிந்தது. இப்போது கதவுக்கு வெளியே நிற்பது நீ. சேதி சொல்ல உனக்கு யாரும் இல்லை.

இனி நான் சொல்கிறேன். தினமும் சொல்கிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனாலும் மறைக்க மாட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்பேன். சேதிக்காக அவளைக் கூப்பிடாதே நைனா, எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

உன் ஒரே மகள்,
செல்வி