தாங்கள்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஸ்டோவ்னர் மண்டபத்தில் கூத்து ஒத்திகை. நான் அரசன், யோகன் மந்திரி. வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். பஸ் டிப்போவில் நான் அவனுக்கு மேலாளரான நாளிலிருந்து என்னோடு நோர்வேஜிய மொழியில்தான் கதைக்கிறான். அதில் எல்லோருக்கும் ஒரே 'டு'தான். நீயா, நீங்களா என்று யோசிக்கத் தேவையில்லை.

இன்று வசனத்தை மறந்து, என் தோளைப் பிடித்து, "நீ பயப்பிடாதை, நான் இருக்கிறன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அரசனுக்குத் 'தாங்கள்' எண்டு சொல்லுங்கோ," என்றார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார்.

உடனே கையை எடுத்துவிட்டுத் திருத்திச் சொன்னான்.

மாதக்கணக்காக நான் காத்திருந்த 'நீ' அது. அண்ணாவியார் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நாளை டிப்போவில் திரும்பவும் 'டு'தான்.