இரண்டு முறை வந்த வரவேற்பு

ஜூன் 3

போனில் இருக்கும் எங்கள் மாடித்தோட்டக் குழுவில் எனக்குப் பதவி கிடைத்திருக்கிறது! புதிதாகச் சேர்கிறவர்களை வரவேற்க வேண்டும். ஆள் சேர்ந்ததுமே தானியங்கி மெஷின் ஆளுக்கொரு விதமாக வணக்கம் எழுதித் தனிச்செய்தியில் அனுப்பிவிடும்; வரவேற்கிற எங்களுக்கும் ஒரு நகல் வரும். பிறகு, அவர் தன்னைப் பற்றி எழுதியதைப் படித்து, எங்களில் ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி சொந்தமாக இரண்டு வரி எழுத வேண்டும். மருமகளிடம் சொன்னேன். "இனிமே உங்களைப் பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா அத்தை?" என்றாள். வாங்கட்டுமே. அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்கு வந்த வாழ்வு.

ஜூன் 8

என்னோடு கூட வரவேற்கிறவர்கள் ஒரு டீச்சர், ஒரு வக்கீல். அவர்கள் எழுதியதற்குக் கீழே என் வரிகள் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரிகின்றன. தானியங்கியின் தமிழோ மேடைப் பேச்சு. அதையே நகலெடுத்து என் பெயரில் போட்டேன். "அம்மா பிரமாதம்" என்றார் குழுவை நடத்தும் நர்சரிக்காரர். யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 20

படிக்காமல் போட்டுவிட்டேன். ஐயோ.

ஜூன் 21

நேற்று சேர்ந்த பெண் எழுதியிருந்தது இதுதான். "இந்தச் செடியெல்லாம் என் மகன் வெச்சது. அவன் தவறிப் போய் ஒரு மாசம் ஆகுது. எல்லாம் வாடுது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அதற்குக் கீழே நான் ஒட்டியது: "வருக, வருக! உங்கள் இல்லம் பூத்துக் குலுங்கட்டும்! செடியுடன் சிரித்தபடி ஒரு படம் பகிருங்கள்!"

சிரித்தபடி.

அவள் கேட்டாள்: "இதே தனியாவும் வந்துச்சு. இங்க மனுஷங்க யாராவது இருக்கீங்களா?"

ஜூன் 22

நர்சரிக்காரர் கூப்பிட்டார். "மெஷின்தான் உங்க பேர்ல அனுப்பித் தொலைச்சிருக்கு. அப்படித்தானேம்மா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "இருக்கும் தம்பி" என்றேன்.

எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். "அம்மா அப்படிச் செய்யற ஆளே இல்ல" என்று வேறு எழுதினார். தானியங்கியை நிறுத்திவிட்டார். அதற்கு வாய் இருந்தால் என்னைக் கேட்டிருக்கும்.

ஜூன் 25

இப்போது புதியவர்களுக்கு, தானியங்கி சொல்லிவந்த குழு விதிமுறையைச் சொல்லக்கூட ஆளில்லை. டீச்சர் அலுத்துக்கொள்கிறார். அந்தப் பெண் அப்புறம் ஒன்றுமே எழுதவில்லை. சாப்பிடும்போது மருமகள், "மெஷினை நம்பினா இப்படித்தான் அத்தை" என்றாள். தலையை ஆட்டினேன். செடியெல்லாம் என்ன ஆச்சோ? யாராவது தண்ணி ஊத்துறாங்களா?

ஜூன் 27

எழுதிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக. "அது மெஷின் இல்லம்மா, நான்தான். நீ எழுதினதைப் படிக்கவே இல்ல. என் தமிழ் நல்லா இருக்காதுன்னு அதோடதைத் திருடிப் போட்டேன். அப்புறம் பழியையும் அது மேல போட்டேன். மண்ணுல விரல் வெச்சுப் பாரு, ஈரம் இருந்தா தண்ணி வேண்டாம்." இதையே நர்சரிக்காரருக்கும் அனுப்பினேன்.

ஜூன் 28

நர்சரிக்காரர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "கொஞ்ச நாள் நீங்க வரவேற்க வேண்டாம்மா" என்றார். தானியங்கி திரும்ப வந்துவிட்டது. குலுங்கட்டும், சிரித்தபடி எல்லாம் போய், "நான் ஒரு இயந்திரம். மனிதர் ஒருவர் விரைவில் எழுதுவார்" என்று மட்டும் சொல்கிறது. என்னைவிட யோக்கியம்.

மருமகளிடமும் சொன்னேன். கேலி செய்வாள் என்று இருந்தேன். செய்யவில்லை. அதுதான் சுட்டது.

ஜூலை 2

அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டே வரி. "படிச்சதும் உங்களைத் திட்டணும்னு இருந்துச்சு. விரல் வெச்சேன், சேறா இருக்கு."

"ரெண்டு நாள் தண்ணியே காட்டாதே" என்று எழுதினேன்.

ஜூலை 19

காலையில் போன் வீடியோவில் தொட்டி தொட்டியாகக் காட்டுகிறாள். தக்காளி நிமிர்ந்துவிட்டது. கத்தரி போய்விட்டது. பிறகு ஓரத்துத் தொட்டியைக் காட்டினாள். மகன் கடைசியாக விதை போட்டதாம், இப்போதுதான் முளை விட்டிருக்கிறது.

"இது என்ன செடிக்கா?"

உற்று உற்றுப் பார்த்தேன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"எனக்குத் தெரியலைம்மா" என்றேன்.

"சரிக்கா, வளரட்டும். நாளைக்கும் காட்டறேன்" என்றாள்.