கதவில் ஒட்டிய பட்டியல்

சீனன்குடா
12.02.2025

சின்னண்ணாவுக்கு,

கைபேசியில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். அதனால் தபால்.

உங்கள் நாவலை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். வருங்கால நகரம், கதவில் ஒட்டிய பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பிடிக்கும் ஆட்சி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், எங்கள் கதவுதானே. ஆனால் அதில் தங்கச்சிக்காரி வேண்டுமென்றே அண்ணன் பெயரை விடுகிறாள். "நீயும் வேணுமெண்டோ விட்டனி?" என்று அம்மா கேட்டா. பத்து நாளாய் என்னோடு கதை இல்லை.

2007இல் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆமிக் காவலரணில் காட்டிக் கதவில் ஒட்டும் குடும்பப் பட்டியலை எழுதியது நீங்கள். பெரியண்ணா கட்டைபறிச்சானில் வயல் வேலைக்குப் போயிருந்தார். "வீட்டில இல்லாத ஆளை ஏன் எழுதுவான்" என்றீர்கள். அவர் திரும்பிய அன்றே சுற்றிவளைப்பு. பட்டியலில் இல்லையென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை.

நீங்கள் குசினிக்குள் கிடந்து அழுததைப் பார்க்க ஏலாமல் "நான்தான் எழுதினனான்" என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அம்மாவுக்கு உண்மையை ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சிவரூபி

ரொறொன்ரோ
09.03.2025

தங்கச்சிக்கு,

நாவல் வேறு, வாழ்க்கை வேறு. கதைக்கு ஒரு துரோகி தேவைப்பட்டாள். "இந்தக் கொடிய நகரத்தை எங்கே கண்டீர்கள்?" என்று பேட்டி எடுப்பவர்கள் கேட்கிறார்கள். திருகோணமலையில், எங்கள் வீட்டுக் கதவில் என்கிறேன். நம் வீட்டை உலகம் வாசிக்கிறது, உனக்கு அது பெரிதாய்த் தெரியவில்லை.

பழியை நீயாகத்தானே எடுத்தாய்? எடுக்கச் சொல்லி நான் கேட்டேனா? அம்மாவுக்கு இந்த வயதில் எதையும் கிளறாதே. அவ்வளவு சுட்டால் அடுத்த பதிப்பில் தங்கச்சியை மச்சாளாக மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
தர்மிகன்

சீனன்குடா
21.04.2025

திரு. தர்மிகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். "பழியை நீயாகத்தானே எடுத்தாய்" என்ற வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. பிறகு என் தலையைத் தடவினா. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு.

நேற்று விதானையார் வாக்காளர் படிவம் கொண்டுவந்தார். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் மூன்று பேரின் பெயரையும் அம்மா வருடா வருடம் எழுதுவிப்பது உங்களுக்குத் தெரியும். முதலில் பெரியண்ணாவின் பெயர், லதீசன் என்று எழுதினேன். உங்கள் பெயருக்குப் பேனையை வைத்தபோது அம்மா என் கையைப் பிடித்தா.

"வீட்டில இல்லாத ஆளை ஏன் எழுதுவான்" என்றா.

படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன்.

சிவரூபி