படிக்கட்டில் தவறாக அளந்த பன்னிரண்டு நாட்கள்

அனுப்புநர்:
பதிவு எண் 317-இன் பார்வையாளர்,
(ஓய்வுபெற்ற வெல்டர், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை)
படகுத்துறைக்கு எதிர் வரிசை, மூன்றாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கரையோர நீர் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: படகுத்துறைப் படிக்கட்டில் ஜூலை 3 முதல் 14 வரை எடுத்த நீர்த்தெளிவு அளவுகளை நீக்கவும், மற்ற அளவுகளை உண்மையில் எடுத்தவர் பெயரில் பதியவும், படகு கழுவுவோர் மீதான தடையை விலக்கவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் ஆகஸ்ட் 27.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மீதியைப் பட்டறையிலும் பழைய செய்தித்தாள்களிலும் கற்றுக்கொண்டேன். மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. பட்டறைக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மட்டும் பதினொரு மனு எழுதினேன். பதினொன்றாவதற்குக் குழாய் வந்தது. ஆனால் என் மேலேயே குற்றம் சொல்லி எழுதும் மனு இதுதான் முதல். ஆகவே சற்று நீண்டுவிட்டது.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கரையோரம் வசிப்பவர்கள் நாள்தோறும் கடல்நீரின் வெப்பத்தையும் தெளிவையும் அளந்து அனுப்பலாம் என்று தங்கள் அலுவலகம் அறிவித்தது. அதை எனக்குப் படித்துக் காட்டியவள் என் மகளின் மகள். அப்போது அவளுக்கு வயது பத்து. பதினெட்டு நிரம்பியவர்களே சேரலாம் என்பது விதி என்பதால் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். தாங்கள் அனுப்பிய பெட்டியை அவள் திறந்தாள். அதில் ஒரு வெப்பமானி, ஒரு பதிவேடு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறி இட்ட கயிறு, அதன் நுனியில் கட்ட ஒரு வெள்ளைத் தட்டு. தட்டைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் அதுவே நீர்த்தெளிவு. முதல் நாளிலிருந்து அளந்தது அவள். கையெழுத்து மட்டும் என்னுடையது.

2. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று பொருள் அல்ல. என் மகள் மருத்துவமனையில் இரவுப்பணிச் செவிலியர்; அவள் வீடு வந்து சேரக் காலை ஏழேகால் ஆகிவிடும். நாங்கள் அளப்பதோ 6.45-க்கு. "அவ இடுப்புல ஒரு கயிறு கட்டி, மறுமுனை உங்க கையில இருக்கணும்பா. இல்லைன்னா கடலும் வேண்டாம், அறிவியலும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதன்படி கீழ்ப்படியில் பேத்தி, மேல்படியில் நான், நடுவே கயிறு. வெப்பம் பார்க்க எப்போதும் கையில் வாளியோடு வருவதால் படகுத்துறையில் அவளுக்கு வாளி என்றே பெயர். ஆகஸ்ட் 27 வரை 614 நாட்களின் அளவுகள் தங்களுக்கு வந்து சேர்ந்துள்ளன.

3. இவள் எப்படிப்பட்டவள் என்று தாங்கள் அறிய வேண்டும். ஞாயிறுதோறும் 'இந்த வாரக் கடல்' என்று ஒரு தாள் எழுதிப் பயணச்சீட்டு அறையின் சுவரில் ஒட்டுகிறாள். செய்தித்தாளில் வரும் கடல் செய்தியை வெட்டி ஒட்டி, கீழே தன் கருத்தை எழுதுவாள். பவளப்பாறை வெளுத்த செய்திக்கு இப்படி எழுதினாள்: "வெளுத்தால் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கலாம். அழுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள்." ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம், "விஞ்ஞானிகள் அதிர்ச்சி, விஞ்ஞானிகள் அதிர்ச்சின்னே போடறாங்களே தாத்தா, அவங்களுக்கு வேற வேலையே இல்லையா? அளந்தவங்க எதுக்கு அதிர்ச்சி ஆகணும்?" என்று கேட்டாள். எதிர்ச்சுவரில் 'கடலைக் காப்போம்' என்று பெரிய பலகை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், "ஒடம்பு சரியில்லைன்னு ஊரே சொல்லுது, யாராவது தொட்டுப் பாத்தாங்களா?" என்பாள். தான் தினமும் தொட்டுப் பார்ப்பவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு. எனக்கும் உண்டு.

4. இனி என் குற்றம். இந்த ஆண்டு பிப்ரவரியில் கண் மருத்துவர் என் இரு கண்களிலும் புரை முற்றிவருகிறது என்றும், உடனே அறுவை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். வயதால் வந்தது என்பது அவர் கருத்து. நாற்பத்தொரு ஆண்டு வெல்டிங் நெருப்பைப் பார்த்ததால் வந்தது என்பது என் கருத்து. இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் தந்த சீட்டை நான் பழைய சட்டைப் பையில் வைத்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மகள் கயிற்றை என் கையில் தரமாட்டாள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு பெரியவர் இல்லை. அளவு நின்றுவிடும். கயிறு பிடிக்கக் கை போதும், கண் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5. ஜூலை 2-ஆம் தேதி அவளுக்குக் கணுக்கால் பிசகி, படி இறங்கக் கூடாது என்றாகிவிட்டது. அடுத்த பன்னிரண்டு நாட்களும் நான் தனியே போய் அளந்தேன். வெப்பமானியின் எண்கள் கட்டைவிரல் அளவு இருப்பதால் அவற்றைச் சரியாகவே படித்தேன். தட்டு ஒன்றரை மீட்டரிலேயே மறைந்தது. 1.6, 1.5, 1.4 என்று கண்டதைக் கண்டபடி எழுதினேன். பொய் எழுதவில்லை. கடல் கலங்கிக் கிடக்கிறது என்றே நம்பினேன். படுத்திருந்தவளிடமும் அப்படியே சொன்னேன். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

6. தங்கள் ஜூலை மாத அறிக்கையில், படகுத்துறை அருகே நீர்த்தெளிவு பாதியாகக் குறைந்தது என்றும், படகு கழுவும் நீரே காரணமாக இருக்கலாம் என்றும் வந்தது. செய்தித்தாள் 'இருக்கலாம்' என்பதை விட்டுவிட்டு மற்றதைப் போட்டது. விஞ்ஞானிகள் அதிர்ச்சி என்றும் போட்டது. பேத்தி அதை வெட்டி எடுத்து, "நம்ம நம்பர் தாத்தா! பேப்பர்ல நம்ம நம்பர்!" என்று துள்ளிக்கொண்டே வீடெல்லாம் சுற்றினாள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி, படிக்கட்டை ஒட்டிப் படகு கழுவும் நால்வருக்கும் தடை உத்தரவு வந்தது. சோப்பு நீரைக் கடலில் விடாதீர்கள் என்று ஓராண்டாக அவர்களோடு மல்லுக்கு நின்றவள் இவள்தான். அவளுக்கு அது வெற்றியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "பதினாலாம் தேதி ஒண்ணரை. நான் போன பதினஞ்சாம் தேதி மூணு புள்ளி நாலு. கடல் ஒரே ராத்திரியில எப்படி தாத்தா தெளியும்?" என்றாள்.

கயிற்றை அளந்தாள், சுருங்கவில்லை. தட்டைத் தேய்த்தாள், அழுக்கில்லை. மேகம், அலை, கடல் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தாள். மிஞ்சியது அளந்தவர் ஒருவரே. அதை அவள் தாளில் எழுதவே இல்லை. ஆகஸ்ட் 7 காலை என்னைக் கீழ்ப்படிக்கு வரச்சொன்னாள். இருவரும் குனிந்து பார்க்க, தட்டு இறங்கியது. "தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன். "இப்ப?" மறைந்துவிட்டது என்றேன். ஒன்று புள்ளி நான்கு. அவள் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று புள்ளி மூன்றில் நிறுத்தினாள். மூன்று முறை இப்படிச் செய்தோம். எப்போதும் எனக்கு முன்னால் படியேறி ஓடுகிறவள் அன்று என் பக்கத்திலேயே ஏறினாள். மேலே வந்த பிறகு, "ரொம்ப நாளா இப்படியா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

7. அந்த ஞாயிறு ஒட்டிய தாளில் அவள் எழுதியது: "திருத்தம். ஜூலை 3 முதல் 14 வரையிலான நீர்த்தெளிவு எண்கள் தவறு. கடல் கலங்கவில்லை. காரணம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது." என்ன காரணம் என்று எழுதாமல் என்னை மறைத்துவிட்டாள். நான் பயணச்சீட்டு எழுத்தரிடம் பேனா வாங்கி, "தவறாக அளந்தவன் நான். கண்புரை" என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன். கழுவுவோரில் மூத்தவர், படகுத்துறையில் சோப்பு என்று அழைக்கப்படுபவர், அதைப் படித்துவிட்டு, "பெரியவரே, உங்க கண்ணுல புரை விழுந்தது, எங்க பொழப்புல மண்ணு விழுந்துச்சு" என்றார். நியாயமான பேச்சு. என் மகளுக்கும் அன்றுதான் தெரியும். "கண்ணு தெரியாமதான் எம்புள்ள கயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டவள், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பணியிலிருந்து நேரே படிக்கட்டுக்கு வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். ஆகவே ஆகஸ்ட் 12 முதல் அளவு நேரம் 7.30 என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

8. ஆகஸ்ட் 8-ஆம் தேதியே பேத்தி தங்களுக்குத் திருத்தம் கேட்டு எழுதியிருந்தாள். தங்கள் பதில்: பதிவு பெற்ற பார்வையாளர் மட்டுமே திருத்தம் கேட்கலாம், வேறொருவர் அளந்திருந்தால் விதி 9-இன்படி 614 நாட்களின் அளவுகளும் நீக்கப்படும். அக்கடிதத்தை அவள் நான்காக மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தாள். மறுநாளும் போய் அளந்தாள்.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி தங்கள் அலுவலக உதவியாளர் தொலைபேசியில் என்னை அழைத்தார். நல்ல மனதோடுதான் பேசினார். "எல்லாத்தையும் நானே அளந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க ஐயா, ஃபைலை மூடிடலாம்" என்றார். 614 நாட்களும் பிழைக்கும். ஆனால் பன்னிரண்டு நாள் தவறும் சேர்ந்து பிழைக்கும், தடையும் நிற்கும். பேத்தியிடம் சொன்னேன். "அப்படின்னா அது நம்பரே இல்ல தாத்தா. வெறும் எழுத்து" என்றாள். அந்த ஒரு வரியை நான் எழுதித் தரப்போவதில்லை.

9. தங்கள் ஆகஸ்ட் மாத அறிக்கையில், தடையின் பயனாக நீர் மீண்டும் தெளிந்தது என்று வந்துள்ளது. நீர் தெளிந்ததாகப் பதிவானது ஜூலை 15. தடை வந்தது ஆகஸ்ட் 5. மருந்து கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே நோய் தீர்ந்த கதை இது. சோப்பு நீர் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. பேத்தி சொல்வதை அப்படியே தருகிறேன்: "சோப்புத் தண்ணி விடறது தப்புதான். அதைத் தனியா அளந்து நிரூபிக்கணும். செய்யாத தப்புக்கு அவங்களை நிறுத்தினா, செய்யற தப்பை நாளைக்குச் சொல்லும்போது யார் கேப்பாங்க?"

10. பட்டறையில் கப்பல் தகட்டில் ஒரு பற்று சரியாக விழவில்லை என்றால், அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்போம். கப்பலை உடைக்க மாட்டோம். தங்கள் விதி கப்பலை உடைக்கச் சொல்கிறது. தங்கள் படிவத்தில் வயதுக்குக் கட்டம் உண்டு, முகவரிக்கு உண்டு, தந்தை பெயருக்குக்கூட உண்டு. கண் தெரியுமா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. கண்ணால் செய்யும் வேலைக்குக் கண் உள்ள பிள்ளையைத் தள்ளிவிட்டு, இன்று புரை விழுந்து நிற்கும் எழுபத்தொரு வயதுக்காரனைச் சேர்த்த படிவம் அது. என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டேன். இதைத் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது:

(அ) ஜூலை 3 முதல் 14 வரையிலான தெளிவு அளவுகளை மட்டும் நீக்கவும். அந்நாட்களின் வெப்ப அளவுகள் சரியானவை. அவற்றைத் தொட வேண்டாம்.

(ஆ) மீதமுள்ள 601 நாட்களின் தெளிவு அளவுகளையும் (602 என்று எழுதியதை அடித்துத் திருத்தியுள்ளேன், காரணம் கீழே), அவள் எடுத்த வெப்ப அளவுகளையும், பார்வையாளர் என்ற இடத்தில் என் பெயரை நீக்கி, இணைப்பில் உள்ள பள்ளிச் சான்றிதழின்படி என் பேத்தியின் பெயரில் பதியவும். விதி இடம் தராவிட்டால் விதியைத் திருத்தவும்.

(இ) படகு கழுவுவோர் நால்வர் மீதான தடையை உடனே விலக்கவும். தவறான செய்தி எத்தனை பெரிய எழுத்தில் வந்ததோ அத்தனை பெரிய எழுத்தில் திருத்தமும் வரச்செய்யவும். இதில் என் கண்ணைப் பற்றி எழுதத் தயங்க வேண்டாம்.

என் அறுவை இம்மாதம் 18-ஆம் தேதி. அதற்கு முன் பதில் வந்தால் பேத்தி படித்துக் காட்டுவாள். பின் வந்தால் நானே படிப்பேன்.

602 என்பது 601 ஆன காரணம். மனுவை எழுதி முடித்து, எண்களைச் சரிபார்க்க அவளிடம் கொடுத்தேன். 602 என்ற இடத்தில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. பிறகு, "அறுநூத்தி ஒண்ணு தாத்தா" என்றாள். சென்ற ஆண்டு நவம்பர் 21. கொட்டும் மழை. கை விறைத்துப்போய், வெப்பம் மட்டும் பார்த்துவிட்டு, தட்டை இறக்காமலே முந்தைய நாளின் எண்ணை எழுதியிருக்கிறாள். இதை எழுத வேண்டாம் என்றேன். யாருக்கும் தெரியாது, சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள், உன் பெயரில் பதிய மறுப்பார்கள் என்று அரை மணி நேரம் வாதாடினேன். வாதத்தில் என்னை வென்றவர் பட்டறையில் ஒருவரும் இல்லை. அவள் அழுதுகொண்டே, "உங்க பன்னெண்டு நாளை ஊருக்கே சொல்லிட்டு, என்னோட ஒரு நாளை மறைக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

எனவே நவம்பர் 21-ஆம் தேதியின் தெளிவு அளவையும் நீக்கிவிடுங்கள். திருத்திய இடத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். மீதியை நம்புவதும் நம்பாததும் தங்கள் பொறுப்பு. நேற்று வரை அவற்றைப் பேத்தி எழுதியவை என்பதால் நம்பினேன். இன்று அவை சரியானவை என்பதால் நம்புகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
பதிவு எண் 317

எண்களைச் சரிபார்த்தவர்: (கையொப்பம்) பேத்தி, வயது 12

இடம்: படகுத்துறை
நாள்: செப்டம்பர் 4