பெட்டிக்குள் ஒரு பிடி அரிசி

முருகன் துணை

பதுளை

அன்பு மகன் சுஜனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கதிர்காமத்தான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் கடையும் இருக்கிறபடி இருக்கிறோம், அப்பாவுக்கு ரத்தத்தில் சீனி மட்டும் ஏறி இறங்குகிறது. மெல்பர்ன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்றும் ராத்திரிக்கு வெறும் பாண் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் சோறு ஆக்கிச் சாப்பிடுகிறாய் என்றும் நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் நீ கேட்டாயே, நிரந்தர விசாவுக்குக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாச முடிவுக்குள் போடவா, இல்லை வேலையை விட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்ளவா என்று. அதற்கு நான் கும்பிடு போடும் படம் ஒன்றை அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டாய். எனக்கும் தெரியாது மகன், கை போன இடத்தை அமத்திவிட்டேன். போனில் பேசினால் நீ ஒன்று கேட்க நான் மழை, மரக்கறி விலை என்று வேறு எதையோ சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். எழுதினால் புத்தி தெளியும் என்று பார்த்தால் இதிலும் தெளியவில்லை.

சம்பள நாளில் மடுல்சீமைத் தோட்டத்து வீடுகளில் லயம் லயமாக வளையலும் சீப்பும் சுமந்து விற்றவள் நான், பிறகு தகரப் பெட்டி, பிறகு பஸார் வீதியில் இந்தக் கடை. யாவாரத்தில் இது எடுபடும் இது எடுபடாது என்று சரக்கைத் தொட்டாலே சொல்வேன், உன் விசயத்தில்தான் ஒன்றும் பிடிபடவில்லை. கடையில் இப்போது பள்ளிக்கூடப் பை கூட அவ்வளவாகப் போவதில்லை, போவதெல்லாம் சில்லு வைத்து உருட்டுகிற பெரிய சூட்கேஸ்தான். நர்ஸுக்குப் படிக்கிற பிள்ளை, கணக்குப் பார்க்கிறவர், கம்பியூட்டர் பையன் என்று ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். நாடு நன்றாயிருந்தால் இந்தப் பெட்டி யாருக்கு விற்கும் என்று நினைப்பேன், அடுத்த நிமிசமே கொழும்புக்குப் போன் போட்டு இன்னும் சரக்கு அனுப்பச் சொல்வேன்.

நமுனுகுலை தோட்டத்துப் பள்ளிக்கூடத்து விஜேந்திரன் மாஸ்டரின் மூத்த மகள் துஷ்யந்தி உனக்கு நினைவிருக்கும், டியூசனில் உன்னோடு படித்தவள். அவள் உன் நாட்டுக்குத்தான் படிக்க வந்தாள், பெட்டி நம் கடையில்தான் எடுத்தாள். நான் வெறும் பெட்டியை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், தகரப் பெட்டி விற்ற நாளிலிருந்து உள்ளே ஒரு பிடி பச்சரிசியும் ஒரு மஞ்சள் துண்டும் வைத்துத்தான் கொடுப்பேன், அந்த ராசிக்காகவே நம் கடையைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவள் பெட்டியிலும் உள்பைக்குள் வைத்தேன். வைத்ததை அவளிடம் சொல்லவில்லை, சாமி காரியத்தை யாராவது சொல்லிக்கொண்டு செய்வார்களா. அவள் அங்கே விமான நிலையத்தில் தானியம், விதை ஒன்றும் கொண்டு வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதிகாரிகள் உள்பையைத் திறந்து அரிசியையும் மஞ்சளையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னாய் என்று நிறுத்தி வைத்து அபராதமும் போட்டுவிட்டார்களாம். மாஸ்டர் கடைக்கு வந்து ஆட்கள் நிற்கும்போதே கேட்டார், “அக்கா, புள்ளைய வாழ்த்தி அனுப்புனீங்களா, மாட்டி வுட்டீங்களா?” அபராதக் காசை நீட்டினேன், வாங்கவில்லை, அப்படியானால் நல்ல பெட்டியாக ஒன்று சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேணாங்கக்கா, வீட்டுல மிச்சம் இருக்கறது ஒரே ஒரு புள்ளதான்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து அரிசி வைப்பதில்லை. வெறும் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது கை கூசுகிறது, வைத்தாலும் தப்பு வைக்காவிட்டாலும் தப்பு என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். பக்கத்து மருந்துக் கடை ஹபீஸ் நானாவின் மகன் றில்வான், உன் அப்பாவின் சீனி வருத்தத்துக்குப் பார்க்கிற டொக்டர் தம்பி, வந்து இரண்டு பெட்டி கேட்டார். நல்லதாகக் காட்டி, பூட்டு சரி பார்த்து, விலையும் குறைத்துக் கொடுத்தேன். நீ இருக்கிற ஊருக்குத்தான் போகிறாராம், சந்தோசமாக அனுப்பிவிட்டுக் கதவுப் பலகை போடும்போதுதான் உறைத்தது, பெட்டியோடு சேர்த்து அப்பாவின் டொக்டரையும் விற்றுவிட்டேனே என்று. இனி கிளினிக்கில் யார் பார்ப்பார்கள் என்று ஹபீஸ் நானாவிடம் கேட்டேன். மனுசன் சிரித்துக்கொண்டே, “தங்கச்சி, நீங்க பெட்டியக் குடுத்தீங்க, நான் புள்ளையக் குடுத்தேன், யாருக்கு லாபம்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். சிரிப்பு முடிகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்தைப் போடு. படித்த படிப்புக்கு அங்கேதான் மதிப்பு, நீ இங்கே வந்து கல்லாவில் உட்கார்ந்தாலும் போகிறவர்களுக்குத்தான் பெட்டி எடுத்துக் கொடுக்கப் போகிறாய், அதற்கு இன்ஜினியர் எதற்கு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், நீ திரும்பி வந்தால், ‘என்ன, துரத்திவிட்டார்களா’ என்று பஸார் முழுக்கக் கேட்பார்கள், அதற்கும் பயப்படுகிறேன். இத்தனை வருசமாக எப்போது வருவாய் எப்போது வருவாய் என்று உன்னை அரித்தவளும் நான்தான், வரட்டுமா என்று நீ கேட்டதும் பின்வாங்குகிறவளும் நான்தான். அப்பாவிடம் கேட்டேன். பெட்டியின் ஸிப் இறுகாமல் ஓட மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், அடுத்த பெட்டியை இழுத்து வைத்துத் தேய்த்தார். மறுநாள் பார்த்தால் ஏணியைப் போட்டு மேல்மாடியில் உன் அறையின் பல்பை மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடாதே என்று எழுதத் தோன்றுகிறது. மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துப் பார்த்தேன், அடிக்கவில்லை, இரண்டும் நான் சொல்வதுதான்.

யாவாரியாக ஒன்று மட்டும் சொல்கிறேன். சாம்பிள் பார்க்காமல் நான் மொத்தச் சரக்கு எடுத்ததில்லை. நீ அந்தக் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டு தீபாவளிக்கு லீவு எடுத்து வா. ஒரு மாசம் கடையில் நில், பெட்டி வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார், பின்னால் நின்று கண் கலங்கும் தாய் தகப்பனையும் பார். மழைக்கு மடுல்சீமை ரோடு மறுபடி மண் சரிந்து இறங்கிக் கிடக்கிறது, முடிந்தால் அங்கேயும் ஒரு நடை போய் இன்ஜினியர் கண்ணால் பார்த்து வா. அதற்குப் பிறகும் உனக்கு இந்த ஊர் வேண்டும் என்றால் அப்போது பேசுவோம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை றில்வான் தம்பி புறப்படுவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியில், அரிசி வைக்கிற அந்த உள்பையில் வைக்கப் போகிறேன், இந்தத் தடவை அவரிடம் காட்டிச் சொல்லிவிட்டே வைப்பேன். அந்தத் தம்பிக்கு அங்கே ஆள் தெரியாது, ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு, ஹலால் பார்த்து வாங்கு. நீ நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, எந்த ஊரில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழும்ப வேண்டும், கதிர்காமத்தான் உன் பக்கத்திலேயே நிற்பான்.

ஒன்றை மறக்காதே. டிக்கெட் எடுக்கும்போது போக வர இரண்டுக்கும் சேர்த்தே எடு, அதுதான் மலிவு. திரும்பிப் போகிற தேதியை மட்டும் என்னிடம் சொல்லாதே.

உன் அம்மா,
மயில்வாகனம் புஷ்பம்